தேவையற்ற ஒன்று

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலி கிறீச்சிடும். அதில் உட்காருபவர் முதலில் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார். அடுத்துத் தேநீர்க் கோப்பையை விசைப்பலகைக்கு எட்டாத தூரத்தில் வைப்பார். அதன் பின் கணினியைத் திறந்து, சக ஊழியர்கள் எழுதி அனுப்பியிருக்கும் நிரல் மாற்றங்களை வரிசையாக வரவழைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தி, குறிப்புக் கட்டத்தில் ‘நன்று’ என்று ஒரே ஒரு சொல் எழுதுவார். பதினைந்து மாற்றங்கள் இருந்தால் பதினைந்து ‘நன்று’. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது மக்கள் கைக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. ஒப்புதல் தருவதில் அவருக்குக் குறையேதும் இல்லை. படித்துப் பார்ப்பதில்தான் அவருக்கு ஈடுபாடு இல்லை. இன்னொருவர் உழைத்து எழுதியதைச் சந்தேகக் கண்ணோடு துருவுவது மரியாதைக் குறைவு என்று அவர் மனமார நம்பினார். இதனாலேயே அலுவலகத்தில் அவருக்கு ‘நன்றண்ணன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நிறுவனமும் அவரைக் கைவிடவில்லை. ‘ஆண்டின் அதிவிரைவு ஒப்புதலாளர்’ என்ற கண்ணாடிக் கேடயத்தை மூன்று முறை அவருக்கு அளித்திருந்தது. மூன்றும் அவர் மேசையில் வரிசையாக நின்றன.

அந்த ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, ஒன்பது மாற்றங்கள் காத்திருந்தன. ஒன்பது ‘நன்று’ எழுதிவிட்டு அவர் தேநீரை எடுத்தபோது கோப்பை கையைச் சுட்டது.

அந்த நிறுவனம் கைப்பேசி ஆப்புகளைச் செய்து தருவது. செய்வதற்கு அவர்கள் பயன்படுத்தியது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. பல ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஓர் அம்மையார், புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று பன்னிரண்டு நடைமுறைக் குறிப்புகளை ஒரே தாளில் எழுதித் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்தார். ‘ஆப்பைக் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு சோதி’ என்பது அவற்றுள் ஒன்று. ‘மாதத்தைக் காட்டும்போது ஒன்று கூட்ட மறவாதே’ என்பது மற்றொன்று. ‘படிக்காமல் ஒப்புதல் தராதே’ என்பது பன்னிரண்டாவது.

இந்தத் தாளைப் பாதுகாப்பதற்காகத்தான் ‘கருவி நெறி மன்றம்’ தோற்றுவிக்கப்பட்டது. மன்றத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஏழு உறுப்பினர்கள், ஒரு வட்ட மேசை. மன்றம் கூடிய முதல் நாளிலேயே, சுவரில் தாள் ஒட்டுவது சுவருக்கு ஆகாது என்ற குறிப்பை இயற்றி, அந்தத் தாளைக் கிழித்தது. பிறகு குறிப்புகள் ஒவ்வொன்றாகச் செம்மை செய்யப்பட்டன. ‘படிக்காமல் ஒப்புதல் தராதே’ என்பது, ‘ஒப்புதல் இருபது நிமிடத்துக்குள் தரப்பட வேண்டும்’ என்று செம்மையாயிற்று. பன்னிரண்டு என்பது தொண்ணூற்று மூன்றாக வளர்ந்தது. குறிப்பாக இருந்தது சட்டமாயிற்று. சட்டத்தைக் காக்க ஒரு கணினி நிரல் அமர்த்தப்பட்டது. அதற்குக் ‘காவலன்’ என்று பெயர். எந்த நிரல் வந்தாலும் காவலன் தொண்ணூற்று மூன்று குறிப்புகளோடும் ஒப்பிடும். ஒன்றில் பிசகினாலும் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பும்.

அன்று பதினொரு மணிக்கு நன்றண்ணனின் அக்கா போன் செய்தார். அவர் தையற்கலைஞர். நாற்பது ஆண்டுகளாகத் தைத்துத் தைத்து, இப்போது இடக் கண்ணில் புரை விழுந்து, வலக் கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. கண் மருத்துவமனையில் பதிவு செய்து, பதினொரு மாதம் காத்திருந்து, செப்டம்பர் பதினான்காம் தேதி அறுவைச் சிகிச்சை என்று முறை கிடைத்திருந்தது. முறையைப் பார்க்கவும், ‘வருகிறேன்’ என்று உறுதி சொல்லவும் அந்த மருத்துவமனைக்கு ஓர் ஆப் உண்டு. அதை நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் வேறு யாருமல்லர், தம்பியேதான். அக்காவுக்கு அதில் தனிப் பெருமை. வாடிக்கையாளர்களுக்கு அளவு எடுக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவார்.

“தம்பி, உன் ஆப்பு ஆகஸ்டு பதினாலுங்குது. அது போன வாரமே போயிடுச்சே. உறுதி சொல்ற பொத்தானை அமுக்கினா அமுங்கவே மாட்டேங்குது. கண்ணு தெரியாம வேற எதையாச்சும் அமுக்கறேனோன்னு பக்கத்து வீட்டுக்காரியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ‘முறை கடந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யாதவர் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்’னு போட்டிருக்காம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, ஆப்புல பாத்துக்குங்கன்னு வெச்சுட்டாங்க.”

“நான் பார்க்கறேன்க்கா. அரை நிமிஷ வேலையா இருக்கும்.”

“சீக்கிரம் பாருப்பா. போன வாரம் ஒருத்தருக்கு ரெண்டு கையையும் இடது கையாத் தச்சுட்டேன். அவரு நல்ல மனுஷன், போட்டுக்கிட்டுப் போனாரு.”

அது உண்மையிலேயே அரை நிமிட வேலைதான். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தேதியை ஒன்றிலிருந்து எண்ணும். மாதத்தை மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதன் கணக்கில் ஜனவரி பூஜ்யம், செப்டம்பர் எட்டு. ஆகவே மாதத்தை மனிதருக்குக் காட்டும்போது ஒன்று கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் செப்டம்பர் ஆகஸ்டாகி, வரப்போகும் நாள் போய்விட்ட நாளாகிவிடும். நன்றண்ணன் தம்முடைய பழைய நிரலைத் திறந்து பார்த்தார். கூட்டல் குறியும் ஒன்றும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக ஓடிய குதிரை இன்று எப்படி நொண்டியது என்று அவருக்கு விளங்கவில்லை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், அதை நாற்பதாம் குறிப்பின்படி மன்றம் பூட்டி வைத்திருந்தது. பழையதைக் கிளறுகிறவன் முன்னேற மாட்டான் என்பது அந்தக் குறிப்பின் தத்துவ விளக்கம். விண்ணப்பித்தால் ஏழு வேலை நாளில் பதில் வரும்.

இந்த வெள்ளிக்குள் உறுதி சொல்ல வேண்டியவர்கள், செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில் முறை பெற்ற நூற்று நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேருக்கும் அந்தப் பொத்தான் செத்துக் கிடந்தது. அவர்களுள் ஒருவர் அக்கா.

நன்றண்ணன் இரண்டே எழுத்துகளை, ஒரு கூட்டல் குறியையும் ஓர் ஒன்றையும், எழுதி அனுப்பினார். காவலன் திருப்பி அனுப்பியது. முப்பத்தோராம் குறிப்பு: நிரலுக்குள் எண்கள் அம்மணமாக நிற்கக் கூடாது, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் சூட்ட வேண்டும். அவர் அதற்கு ‘ஒன்று’ என்று பெயர் சூட்டினார். பெயர் எண்ணைப் பற்றிக் கூறக் கூடாது, நோக்கத்தைப் பற்றிக் கூற வேண்டும் என்று திரும்பி வந்தது. நோக்கம் முழுவதையும் விளக்கி ஒரு பெயர் சூட்டினார். வரி எண்பது எழுத்துகளைத் தாண்டுகிறது என்று திரும்பி வந்தது. சுருக்கினார். காவலன் பச்சை காட்டியது. ‘வரிசையில் நிற்கிறது, நாளை ஆராயப்படும்’ என்றது.

நாளை என்பது பத்தொன்பதாம் தேதி. அங்கேதான் விதி காத்திருந்தது. வரியின் இறுதியில் அரைப்புள்ளி இட வேண்டுமா வேண்டாமா என்று மன்றத்தில் ஒரு காலத்தில் பெரும் போர் நடந்தது. உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகி, ஒருவர் இருக்கும் மின்தூக்கியில் மற்றவர் ஏறாத அளவுக்கு அது முற்றியது. தலைவர் தலையிட்டு ஒரு சமரசம் கண்டார். இரட்டைப்படைத் தேதிகளில் அரைப்புள்ளி கட்டாயம். ஒற்றைப்படைத் தேதிகளில் அரைப்புள்ளி குற்றம். பதினெட்டாம் தேதி முறைப்படி எழுதப்பட்ட வரி, பத்தொன்பதாம் தேதி ஆராயப்பட்டபோது குற்றமாயிற்று. அவர் அரைப்புள்ளியை நீக்கி அனுப்பினார். அது இருபதாம் தேதி ஆராயப்பட்டு, அரைப்புள்ளி இல்லாத குற்றத்துக்காகத் திரும்பி வந்தது.

இத்தனை நடந்தும் அவருக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பொறுமையைக் குணம் என்று அவர் நினைத்தார்; வீட்டில் அவர் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

புதன்கிழமை மதியம் காவலன் புதிய சங்கதி ஒன்றைக் கண்டுபிடித்தது. ஆப்பை மூட்டை கட்டிக் கைப்பேசிக்கு அனுப்பும் கருவி பழையதாம். ஐம்பத்தெட்டாம் குறிப்பின்படி, பழைய ஆப் ஒன்றைத் தொடுகிறவர் முதலில் புதிய கருவிக்குக் குடிபெயர வேண்டும். புதிய கருவியோ தனியாக வராது. தன் சுற்றத்தாராகிய அறுநூற்றுப் பதினொரு பேக்கேஜ்களோடு, அதாவது துணை நிரல்களோடு, வந்து இறங்கியது. எழுத்து எதுவும் இல்லாத இடத்தை, இது வெற்றிடம்தான் என்று உறுதி சொல்ல ஒரு பேக்கேஜ். அது சொல்வது மெய்யா என்று பார்க்க இன்னொன்று. இந்த இரண்டுக்கும் சண்டை வந்தால் தீர்த்து வைக்க மூன்றாவது. எல்லாவற்றையும் இறக்கி முடித்தபோது ஆப் திறந்தது. வெள்ளை வெளேரென்று திறந்தது. அந்த வெள்ளையில் ஓர் எழுத்துகூட இல்லை.

அப்போது அடுத்த மேசைப் பெண் எழுந்து வந்தாள். ஆப்புகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. சம்பளமே குறை சொல்வதற்குத்தான் என்பதால் அவளைக் ‘குறைக்காரி’ என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள். அவள் கையில் எப்போதும் விரிசல் விட்ட பழைய கைப்பேசி ஒன்று இருக்கும்.

வெள்ளைத் திரையை அவள் அவருக்குக் காட்டினாள். இனி இது மன்றத்தின் மாதிரிக் கைப்பேசியில் சரியாகத் தெரிகிறது என்று நிரூபித்தால்தான் நகரும் என்றாள். அந்த மாதிரிக் கைப்பேசி மன்ற அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உலகிலேயே சிறந்தது என்று தேர்ந்தெடுத்து வாங்கியது. அதன் தரம் கெடக் கூடாது என்பதற்காக அதை இதுவரை யாரும் இயக்கவில்லை.

“அண்ணே, பழைய கருவியிலயே அந்த ரெண்டு எழுத்தைப் போட்டு என் போன்ல பார்த்தேன். அழகா செப்டம்பர்ங்குது. இந்த மன்றத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா உங்க அக்காவுக்கு அடுத்த பிறவியிலதான் ஆபரேஷன்.”

“நேரே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடலாமாம்மா?”

“வாடிக்கையாளரோட மன்றம் மூலமாத்தான் பேசணும். எழுபத்தொண்ணாவது குறிப்பு. நாளைக்கு மன்றம் கூடுது, போய் உட்காருங்க. அங்கே எதுக்கும் நன்றுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

வியாழக்கிழமை காலை மன்றம் கூடியது. வட்ட மேசையைச் சுற்றி ஒன்பது பேர். நடுவில் கண்ணாடிப் பெட்டி. விண்ணப்பதாரர் நிற்பதற்கென்று தரையில் ஒரு வட்டம் வரைந்திருந்தது. நன்றண்ணன் அதற்குள் நின்று, நூற்று நாற்பத்து மூன்று பேர் கண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள், நாளை மாலை ஐந்து மணியோடு இடம் போய்விடும், தேவைப்படுவது ஒரே ஒரு ஒன்றுதான் என்று சொன்னார். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. சொந்த விஷயத்தைப் பொது இடத்தில் கொண்டுவரக் கூடாது என்று எண்ணினார்.

தலைவர் அமைதியாகக் கேட்டார். நிரல் எழுதுவதை விட்டு ஒன்பது ஆண்டுகளாகிவிட்டதால் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

“நம்ம மன்றம் ஆரம்பிச்சப்போ இந்த நிறுவனத்துல பன்னெண்டு குறிப்பு இருந்தது, முப்பது ஆப் இருந்தது. இன்னிக்குத் தொண்ணூத்து மூணு குறிப்பு இருக்கு, நாலு ஆப் இருக்கு. வளர்ச்சியை நீங்களே பாருங்க” என்று அவர் தொடங்கினார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

“ஒரு கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு தச்சன். அவன்கிட்ட ஒரே ஒரு உளி. அதை வெச்சுக் கட்டில் செஞ்சுக்கிட்டிருந்தான். ஒருநாள் ராஜா வந்து, என்னப்பா பட்டறை இவ்வளவு காலியா இருக்குன்னுட்டார். தச்சனுக்கு ரோஷம் வந்துடுச்சு. நூறு உளி வாங்கினான், அம்பது ரம்பம் வாங்கினான், சுவர் முழுக்க மாட்டினான். இடம் பத்தலை, வேலை செய்யற பலகையைத் தூக்கி வெளியே போட்டான். அப்புறம் பாருங்க, எட்டு ஊர் ஜனங்க அவன் பட்டறையைப் பார்க்க வந்தாங்க. அப்படி ஒரு பேரு.”

வட்டத்துக்குள் நின்றவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “அப்புறம் யாரும் கட்டில் கேட்கலையா சார்?”

“கேட்டிருப்பாங்க. கதையில அந்தப் பகுதி தேவையில்லை.”

இதன் பின், விதிப்படி, பதிவேட்டை வாசிக்கும் சடங்கு வந்தது. விசாரணை நடக்கும் நாளில் மட்டும் பூட்டிய பதிவேடு திறக்கப்படும். செயலாளர் கண்ணாடி அணிந்து, கோப்பின் நாடாவை அவிழ்த்து, செய்தி வாசிப்பவர் போன்ற குரலில் வாசித்தார்.

“கண் மருத்துவமனை ஆப். மாற்றம் ஒன்று. செய்த நாள், சென்ற வாரம் வியாழக்கிழமை. முப்பத்தோராம் குறிப்பின்படி தூய்மைப் பணி. மாற்றத்தின் விளக்கம்: தேவையற்ற ஒன்று நீக்கப்பட்டது.”

ஓர் உறுப்பினர், சுருக்கமும் அழகும் ஒருங்கே அமைந்த விளக்கம் என்று பாராட்டினார். என்ன நீக்கப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. நன்றண்ணன்தான் கேட்டார். செயலாளர் கோப்பை இன்னும் அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒன்று” என்றார்.

“அதாவது?”

“ஒன்றுதாங்க. ஒரு கூட்டல் குறி, பக்கத்துல ஒரு ஒன்று. அம்மணமா நின்னிருக்கு. அதை நீக்கியிருக்காங்க.”

“யார் நீக்கினது?”

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சற்றும் தளராமல், ஒரு கருவி மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று விளக்கினார். கருவி ஒரு முடிவுக்கு வந்துவிட்ட பிறகு அதன் மேல் ஒன்றைக் கூட்டுவது அதை அவமதிப்பதாகும். தவறு நிரலில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மருத்துவமனை தன் அறுவைச் சிகிச்சைகளை ஒரு மாதம் முன்னே நகர்த்திக்கொண்டால் எல்லாம் பொருந்திவிடும். போய்விட்ட நாளில் எப்படி அறுவைச் சிகிச்சை செய்வது என்பது மருத்துவத் துறையின் சிக்கல். மன்றம் அதில் தலையிடாது. இந்தப் பொருளில் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் அனுப்புவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. கடிதத்தில் ‘தவறு’ என்ற சொல் வரக் கூடாது, ‘எதிர்பாராத சிறப்பியல்பு’ என்றே எழுத வேண்டும் என்று செயலாளர் நினைவூட்டினார். அறுபத்தாறாம் குறிப்பு.

நன்றண்ணனுக்கு, முப்பது ஆண்டுப் பணியில் முதல் முறையாக, காதுமடல் சூடேறியது. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தார். செயலாளர் பதிவேட்டை இன்னும் வாசித்து முடிக்கவில்லை.

“ஒப்புதல் தரப்பட்ட நேரம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பதினான்கு நிமிடம். எடுத்துக்கொண்ட காலம், இரண்டு வினாடி. ஒப்புதலாளரின் குறிப்பு,” என்று நிறுத்தி, அவர் வட்டத்துக்குள் நின்றவரைப் பார்த்துப் பிரியமாகப் புன்னகை செய்தார். “நன்று.”

உறுப்பினர்கள் மீண்டும் மேசையைத் தட்டினார்கள். இந்த ஆண்டும் கேடயம் உங்களுக்குத்தான் என்று ஒருவர் வாழ்த்தினார். நன்றண்ணன் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மாடிப்படியில் குறைக்காரி காத்திருந்தாள். நடந்ததை அவர் சொன்னார். பதிவேட்டின் கடைசி வரியையும் மறைக்காமல் சொன்னார்.

“தலைவருக்கு அது என்னன்னு தெரியாது. நீக்கிட்டாரு. உங்களுக்குத் தெரியும், அது நீங்க எழுதின வரி. ஒரு தடவை திறந்து பார்த்திருந்தீங்கன்னா போதும்.”

“இத்தனை வருஷமா யாரையும் சந்தேகப்படக் கூடாதுன்னு நினைச்சேம்மா.”

“சந்தேகப்படச் சொல்லலை அண்ணே. படிக்கத்தான் சொன்னாங்க.”

அந்தச் சொல் படி முழுவதும் அவரோடு சேர்ந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் மாடியில் நாற்காலி கிறீச்சிடவில்லை. எட்டு மணிக்கே அவர் கண் மருத்துவமனையின் பதிவு அறையில் நின்றுகொண்டிருந்தார். பச்சைச் சுவர், நீண்ட மரப்பலகை, கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய நாலைந்து பேர், ஜன்னலுக்குப் பின்னால் பதிவு எழுத்தர் அம்மாள். எழுபத்தொன்றாம் குறிப்பை அவர் வாசற்படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

எழுத்தர் அம்மாள் முழுவதையும் கேட்டார். ஐந்து மணிக்கு இடத்தைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுப்பதும் அந்த ஆப்தான், மருத்துவமனை அல்ல என்றார். அதை எழுதிய புண்ணியவான் யார் என்று கேட்டார். நான்தான் என்று அவர் சொன்னதும் அம்மாளின் முகம் சற்று இளகியது. தேடி வந்த முதல் ஆள் என்பதனால் இருக்கலாம்.

“எங்க கம்ப்யூட்டர்ல நானே உறுதின்னு போட்டா போதும், அந்த இடம் போகாது. ஆனா ஒவ்வொருத்தரும் வர்றேன்னு வாயால சொல்லணும். அப்புறம், ஆப்புல கோளாறுன்னு உங்க பக்கத்துலேர்ந்து எழுத்துல வேணும். இல்லேன்னா நாளைக்கு என்னைக் கேட்பாங்க. தவறு யாரோடதுன்னு தெளிவா இருக்கணும், சுத்தி வளைச்செல்லாம் எழுதாதீங்க.”

அவர் ஒரு வெள்ளைத் தாளை வாங்கினார். மன்றம் நீக்கியது என்று எழுதலாம், அது பொய்யாகாது. அப்படி எழுதினால் அது பாதி உண்மை; மறுபாதி பதிவேட்டில் இரண்டு வினாடியாகக் கிடந்தது. ‘இந்த ஆப்பை எழுதியவன் நான். அதில் செய்த ஒரு மாற்றத்தைப் படிக்காமல் ஒப்புதல் தந்தவனும் நான். தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அறுபத்தாறாம் குறிப்பின்படி அந்தத் தாளுக்கு வேலைநீக்கம்வரை தண்டனை உண்டு. எழுத்தர் அம்மாள் அதைப் படித்துவிட்டு, பட்டியலை ஜன்னல் வழியே நீட்டினார்.

நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள். ஒன்பது மணிக்குக் குறைக்காரியும் வந்து சேர்ந்தாள். இன்றைக்கு வயிற்றுவலி என்று விடுப்பு எழுதிவிட்டு வந்ததாகச் சொன்னாள். எழுபது பெயரை அவள் எடுத்துக்கொண்டாள். ஒருவர் இன்னும் தூங்குகிறார் என்று வீட்டார் போனை வைத்தார்கள். ஒருவர், இது ஏமாற்று வேலை, என் வங்கி எண்ணைச் சொல்ல மாட்டேன் என்று திட்டினார். ஒரு பேருந்து ஓட்டுநர், முறை போய்விட்டதென்று நான்கு நாளாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் நன்றண்ணன் முதலில் சொன்னது, தவறு என்னுடையது என்பதுதான். முதல் பத்துப் பேரிடம் சொல்வது கடினமாக இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது, மனம் பழகவில்லை.

நாலு மணிக்கு மன்றத்தின் கடிதம் வந்து சேர்ந்தது. உயர்ந்த தாளில், பொன்னிற முத்திரையோடு, மருத்துவமனை நாட்காட்டியைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தது. எழுத்தர் அம்மாள் அதை இரண்டு முறை படித்தார்.

“எதிர்பாராத சிறப்பியல்புன்னா என்ன சார்? புது வியாதியா?”

“ஆமாம்மா. எங்க ஆபீஸ்ல பரவியிருக்கு” என்றாள் குறைக்காரி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. அம்மாள் அந்தக் கடிதத்தை மை ஒட்டும் முத்திரைக்கட்டையின் கீழே விரித்துக்கொண்டார். தாள் தடிமனாக இருந்ததால் மேசையில் மை படியவில்லை.

போனை வைத்தவரையும் திட்டியவரையும் மீண்டும் அழைத்து, நாலு மணி நாற்பத்தைந்துக்கு நூற்று நாற்பத்திரண்டு பேரை முடித்தார்கள். மிச்சம் ஒரு பெயர். சொந்தக்காரருக்கு முதலில் செய்தான் என்ற சொல் வரக் கூடாது என்று அவர் அதைக் கடைசியில் வைத்திருந்தார். அதைவிடவும், அந்த ஒரு அழைப்புக்குத்தான் அவருக்குத் துணிவு வரவில்லை. எண்ணை அழுத்தினார்.

“அக்கா, இடம் போகலை. உறுதி பண்ணிடறேன். வர்றேன்னு மட்டும் நீ சொல்லணும்.”

“வர்றேன் வர்றேன். நீதான் பார்த்துக்குவேன்னு எனக்குத் தெரியுமே.”

“அக்கா, அந்தத் தப்பு என்னோடதுதான். ஒருத்தர் அதுல ஒண்ணை எடுத்துட்டாரு, அதைப் படிக்காம நான் நன்றுன்னு போட்டேன். நாலு நாள் நீ தூங்காம இருந்ததுக்கு நான்தான் காரணம்.”

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது.

“சின்ன வயசுலயும் இப்படித்தான். நான் கட்டுரை எழுதிக் காட்டினா, பாக்காமலே நல்லா இருக்குக்கான்னுவே. அம்புட்டையும் தப்பா எழுதிட்டுப் போய் வகுப்புல அடி வாங்கினேன். என்னிக்காச்சும் ஒருநாள் நீயே ஒத்துக்குவேன்னு நினைச்சேன். சரி, விடு. அந்தச் சட்டைக்காரருக்கு ரெண்டு இடது கை தச்சதை நான் இன்னும் அவர்கிட்ட ஒத்துக்கலை. இன்னிக்கே பிரிச்சுத் தச்சுக் கொடுத்துடறேன்.”

போனை வைத்துவிட்டு அவர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். எழுத்தர் அம்மாள் அக்காவின் ஒப்புதல் படிவத்தை நீட்டி, உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். கடிகாரம் நாலு மணி ஐம்பது காட்டியது. படிவம் நான்கு பக்கம், பொடி எழுத்து. அவர் முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.

“அதெல்லாம் வழக்கமா இருக்கறதுதான் சார். எல்லாரும் கடைசிப் பக்கத்துல போட்டுட்டுப் போயிடுவாங்க.”

“படிச்சுட்டுப் போடறேம்மா.”

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். குறைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். விரல் ஒவ்வொரு வரியாக ஊர்ந்தது. பெயர் சரி. நாள் பதினான்கு, மாதம் செப்டம்பர், சரி. கண், இடது, சரி. நான்காம் பக்கத்தின் இறுதிவரை பிழை ஒன்றும் இல்லை. நாலு மணி ஐம்பத்தாறுக்குக் கையெழுத்திட்டார். அதன் அருகே குறிப்பு என்று ஒரு சிறு கட்டம் இருந்தது. பேனா பழக்கத்தில் அந்தக் கட்டத்துக்குள் ‘ந’ என்று தொடங்கிவிட்டது. அவர் அதை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்: ‘படித்தேன்.’